கண்டம் எழுதிய யானை

ஒற்றை மருப்புடையவனே, தொடங்கும் செயல்களின் தலைவாயிலில் அமர்ந்திருப்பவனே, பிழைபடத் தொடங்கியதையும் பிழையென்று தள்ளாத பெருமானே, உன் திருவடியை முன்னிட்டு இக்குறிப்பை எழுதுகிறேன். சொல் குழம்பினும் பொருள் குழம்பாதிருக்க அருள்வாய். பொருளும் குழம்புமாயின், குழம்பியதைக் குழம்பியபடியே எழுதும் நேர்மையையாவது தருவாய்.

இன்று ஆவணிச் சதுர்த்தி. காலையில் நீராடி, நீறு பூசி, அறுகம்புல் சாத்தி வணங்கியபின் எழுத அமர்ந்தேன். இந்நாளைத் தேர்ந்ததன் காரணம் படித்துச் செல்லும்போது விளங்கும். வன்னியில் நீர்ப்பாசன வேலைத்தளம் ஒன்றில் பல ஆண்டுகள் பிற்றராக வேலை செய்தேன். இயந்திரப் பாகங்களைக் கழற்றுவதும் செப்பமிடுவதும் மீண்டும் பூட்டுவதும் பிற்றரின் வேலை. கழித்த இரும்பில் உருவங்கள் செய்யும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று இன்றைய தொழிலாளர் சிலர் கேட்டனர். அது வந்தது என்று சொல்லலாம். நான் செய்தேன் என்று சொல்ல இன்றும் தயங்குகிறேன்.

1. கண்டம்

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. வவுனியாவிலிருந்து பூவரசங்குளம் போகும் பக்கமாகக் காட்டை வெட்டி எங்கள் வேலைத்தளத்தை அமைத்திருந்தார்கள். குளக்கட்டு உயர்த்தவும் வாய்க்கால் வெட்டவும் வந்த இயந்திரங்கள் அங்கே நின்றன. முன்புறம் பட்டறை, நடுவில் சாமான்கள் வைக்கும் ஸ்ரோர், பின்புறம் முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் காட்டுப் பாதை. குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் அப்பாதையால்தான் வயலுக்குப் போய்வந்தன. நானும் அப்பக்கத்திலிருந்து வந்தவனே. ஆனால் காணிக்காக அல்ல, வேலைக்காக.

முதல் நாளே ஒரு பிழை விட்டேன். ஸ்ரோருக்குப் பொறுப்பாக இருந்தவர் மரியாம்பிள்ளை. நாயாற்றுக் கரையில் பிறந்த கத்தோலிக்கர். அலைச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய குரல் அவருக்கு; யாரையும் 'காணும்' என்று விளித்தே பேசுவார். வெடித்துப்போன ரப்பர் குழாய் ஒன்றை என் கையில் தந்தார்.

"இதைக் கண்டத்தில போட்டிட்டு வாரும்."

கண்டம் என்றால் கழுத்து. சிறுவயது முதல் கோயிலில் பதிகம் ஓதி வளர்ந்த எனக்கு அச்சொல்லைக் கேட்டால் நஞ்சுண்டு கறுத்த இறைவனின் மிடறுதான் நினைவில் எழும். ஆகையால் முற்றத்தில் நின்ற பெரிய நீரிறைக்கும் பம்பின் கழுத்தில் அக்குழாயை அரைமணி நேரம் பாடுபட்டு இறுக்கிப் பூட்டினேன். பம்பை இயக்கியதும் வெடிப்பின் வழியே சீறிய நீர் மரியாம்பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது.

"உமக்கென்ன விசரே காணும்? கண்டத்தில போடச் சொன்னா பம்பில பூட்டி வைச்சிருக்கிறீர்!"

"கண்டம் எண்டா கழுத்துத்தானே?"

"கழுத்தோ! ஐயோ மாதாவே! கண்டம் எண்டா கழிச்ச சாமான் காணும். உந்தா, வேலியோட கிடக்கிற குவியல்!"

அன்றுதான் அறிந்தேன். இனிப் பயனில்லை என்று தீர்ப்பிட்டு ஒதுக்குவதைக் குறிக்கும் 'கொண்டெம்' என்ற ஆங்கிலச் சொல் நம்மவர் வாயில் திரிந்து 'கண்டம்' ஆகியிருந்தது. அவ்வாறு தீர்ப்பான ஒவ்வொரு பொருளின் மேலும் மரியாம்பிள்ளை சிவப்பு மையால் 'கண்டம்' என்று தமிழில் எழுதுவார். குவியல் முழுவதும் அந்தச் சொல். காலையில் உலை மூட்டும்போது நான் பாடும் பாட்டிலும் அந்தச் சொல். எது தொழில், எது தொழுகை என்ற மயக்கம் எனக்கு அன்றே தொடங்கிவிட்டது.

2. பூட்டிய குவியல்

கண்டச் சாமான்களுக்கு ஒரு விதி உண்டு. மேலிடத்திலிருந்து ஆண்டுக்கொரு முறை பரிசோதனைச் சபை வரும். அதை நாங்கள் 'போட்' என்போம். பட்டியலில் உள்ளது குவியலில் இருக்க வேண்டும். குவியலில் உள்ளது பட்டியலில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்த்தபின், எவரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தாதபடி அத்தனையையும் சபையின் கண்முன்னே சம்மட்டியால் உடைத்துக் குழியில் புதைக்க வேண்டும்.

குவியலோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. குடியேறிய மக்கள் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலப்பைக் கொழு முதல் கிணற்றுக் கப்பி வரை அவர்களுக்கு எல்லாமே தேவையாக இருந்தன. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இரும்பு கிடந்தது.

"போட் வரேக்க ஒண்டு குறைஞ்சாலும் என்ர வேலை போச்சு" என்று மரியாம்பிள்ளை புலம்பினார். "ஒண்டு கூடினாலும் கேள்விதான். கள்ளன் கொண்டுவந்து வைச்சிட்டுப் போனவனோ எண்டு கேப்பினம்."

"ஒண்டோட ஒண்டைப் பூட்டி விட்டா என்ன?"

"என்னெண்டு?"

"எல்லாத்தையும் சேத்து ஒரே சாமானாப் பூட்டிவிட்டா ஆர் தூக்கிறது?"

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு குவியலைப் பார்த்தார்.

"சரி, செய்யும். ஆனா ஒண்டு காணும். கண்டம் எண்ட எழுத்து ஒவ்வொண்டிலயும் வெளியில தெரியவேணும். மறைச்சுப் பூட்டிப்போடாதையும்."

எனக்கு இடப்பட்ட கட்டளை இவ்வளவே. உருவம் என்ற பேச்சு அங்கே எழவேயில்லை.

பாரம் நிற்க முதலில் கால் வேண்டும். குளத்திலிருந்து வாய்க்காலுக்கு நீர் விடும் மதகை அங்கே துருசு என்பர். பழைய துருசுகளின் திருகு தண்டுகள் நான்கு குவியலில் கிடந்தன. அவற்றை நிறுத்தி, தார் வந்த பெரிய இரும்புப் பீப்பா ஒன்றை மேலே கிடத்திப் பூட்டினேன். சிறு சாமான்களைப் பீப்பாவுக்குள் இட்டால் எழுத்து மறைந்துவிடும். ஆகையால் பற்சில்லு எனும் பல்சக்கரங்களையும் சங்கிலித் துண்டுகளையும் அதன் வெளிப்புறத்திலேயே இறுக்கினேன். உழவு இயந்திரத்தின் எண்ணெய்த் தாங்கி ஒன்று பின்புறம் எங்கும் பொருந்தவில்லை, முன்னால் பொருந்தியது. நான் முதல் நாள் பிழையாகப் பூட்டிய அதே ரப்பர் குழாய், நீளமாக இருந்ததால், தாங்கியின் முன்வாயில் மாட்டியபின் வேலிக் கம்பிக்கு மேலால் தொங்கியது. உழவு இயந்திரச் சக்கரங்களை மூடும் மட்கார்ட் தகடுகள் இரண்டும் பாரமானவை. பக்கத்துக்கு ஒன்றாகப் பூட்டாவிட்டால் முழுவதும் சாய்ந்துவிடும். எஞ்சியது முறிந்த அலவாங்கு, அதாவது கடப்பாரை, ஒன்று. தாங்கியின் இடப்புறத்தில் தகடு வெடித்திருந்ததால் அதை வலப்புறத்தில் செருகினேன்.

பின்னே நகர்ந்து, போல்ற்றுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தேன். ஒரு யானை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒன்றை மறைக்கக் கூடாது. யானை என்று கண்டபின் இடப்பக்க மட்கார்டைச் சற்றே முன்னுக்குத் திருப்பி வைத்தேன். அது பாரத்துக்காகச் செய்ததல்ல. எதையோ கேட்கும் யானையின் காது அப்படித்தான் நிற்கும் என்பதற்காகச் செய்தது. அந்த ஒரு திருப்பலை எந்த வேலையில் சேர்ப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மரியாம்பிள்ளை வந்தார்.

"உதென்ன காணும் உது?"

"கண்டம்."

"கண்டமோ! கண்டம் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நிக்குது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கி, பட்டியலும் கையுமாக அதைச் சுற்றிவந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். தும்பிக்கை தொடங்கும் இடத்துக்குக் கீழே, கழுத்துக்கு நேரே, குழாயின் மேல் எழுதிய 'கண்டம்' பெரிதாகத் தெரிந்தது.

"எழுத்தெல்லாம் வெளியில நிக்குது. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. குழை

வன்னியில் காட்டுக்குள் நுழைவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. காட்டின் விளிம்பில் பிள்ளையாருக்கு ஒரு பச்சைக் குழையை, அதாவது இலையோடு கூடிய சிறு கொப்பை, முறித்து வைத்துவிட்டே உள்ளே போவர். அங்கே கோயில் இருக்க வேண்டியதில்லை. கல் ஒன்று போதும். மரம் ஒன்று போதும். யானையும் கரடியும் வழிவிட வேண்டும், போன வழி திரும்பி வர வேண்டும் என்பதே வேண்டுதல்.

ஒருநாள் காலை, வேலிக்கு மேலால் நீண்டிருந்த ரப்பர் குழாயில் ஒரு வீரை மரக் குழை தொங்கியது. காற்று கொண்டுவந்து போட்டது என்று எண்ணினேன். மறுநாள் இரண்டு குழைகள் தொங்கின. காற்று முடிச்சுப் போடுவதில்லை. மூன்றாம் நாள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியேற்றத்தில் வசித்த பொன்னம்மா வந்தார். வயலில் நிற்கும் கணவர் சின்னத்தம்பிக்குச் சோறு கொண்டு நாள்தோறும் அவ்வழியே போகிறவர் அவர்.

"தங்கச்சி, உதென்ன செய்யிறீங்கள்?"

"குழை கட்டுறன் அண்ணை. காட்டுக்குள்ளால போறமெல்லே."

"இது பிள்ளையார் இல்லை தங்கச்சி. கழிச்ச இரும்பு. ஸ்ரோர்ச் சாமான்."

அவர் யானையை நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு கொம்பு முறிஞ்சிருக்குதே."

"அது கொம்பில்லை, அலவாங்கு. முறிஞ்சது ஒண்டுதான் கிடந்தது."

"அப்ப மற்றக் கொம்பு?"

"மற்றது இல்லை."

"அதைத்தானே அண்ணை நானும் சொல்லுறன்."

 அவர் தும்பிக்கையில் குழையை இறுக்கிக் கட்டிவிட்டு, கழுத்திலிருந்த சிவப்பு எழுத்தை விரலால் சுட்டினார்.

"கழுத்தில கண்டம் எண்டும் எழுதி வைச்சிருக்கிறியள். காலமை காலமை நீங்கள் படிக்கிற பாட்டிலயும் அதுதானே வருது. தகப்பன்ர பேரை மகன்ர கழுத்தில எழுதினது நல்ல வடிவு."

சோற்றுப் பெட்டியோடு அவர் காட்டுக்குள் நடந்துவிட்டார். நான் வேலியைப் பிடித்தபடி நின்றேன். ஒற்றை மருப்பனைப் பாடாமல் ஒருநாளும் உலை மூட்டாதவன் நான். என் கையால் ஒற்றை மருப்பு வைத்ததை, எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பெண் சொல்லும்வரை நான் காணவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அமைதி இல்லாமற் போயிற்று. திருவுருவத்துக்கு அளவு உண்டு, பொருள் உண்டு, நாள் உண்டு, கண் திறக்கும் சடங்கு உண்டு. இதற்கு அவற்றுள் ஒன்றுமில்லை. தார்ப் பீப்பாவே வயிறு. எண்ணெய்த் தாங்கியே தலை. சிற்பியின் கருத்தில் முதலில் தெய்வம் தோன்றி, அதன்பின் கல்லில் தோன்றும் என்று கேட்டிருக்கிறேன். என் கருத்தில் தோன்றியதோ களவைத் தடுக்கும் வழி. ஆகையால் இது தெய்வம் அன்று என்று காலையில் முடிவு செய்வேன். கல்லைத் தெய்வமாக்குவது உளியா, தொழுகிறவர் கையா என்று மாலையில் மயங்குவேன். ஒருநாள் அதன் முன்னே நின்று பாட வாயெடுத்தேன். இரும்பைப் பாடுகிறோமோ என்று அஞ்சி நிறுத்தினேன். நிறுத்திய பாட்டை எங்கே முடிப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் பம்பைப் பார்த்துப் பாடி முடித்தேன்.

மரியாம்பிள்ளை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நீர் இப்ப உந்தப் பக்கம் செருப்போட போறேல்லை, என்ன?"

"செருப்பு அறுந்து போச்சு."

"ரண்டுமோ காணும்?"

ஆனையிறவிலிருந்து உப்பு ஏற்றி வந்த வண்டிக்காரர்களும் நின்று குழை கட்டத் தொடங்கினார்கள். தும்பிக்கை இலைகளால் மூடிவிட்டது. குவியலிலிருந்து ஒரு சிறு பற்சில்லுக்கூட அதன்பின் காணாமற் போகவில்லை.

"உம்மட பூட்டாலயோ, உந்தக் குழையாலயோ கள்ளர் வரேல்லை?" என்று மரியாம்பிள்ளை கேட்டார்.

நான் பம்புக்கு எண்ணெய் விடப் போனேன்.

4. போட் வந்த நாள்

போட் வருவதற்கு மூன்று நாள் முன்னர் சின்னத்தம்பியின் எருமை ஒன்று காட்டுக்குள் போய்விட்டது. அதைத் தேடிப் போன அவர் திரும்பவில்லை. ஊரவர் இரண்டு நாள் தேடிவிட்டுக் கைவிரித்தனர். அது மழைக்கு முந்திய காலம். காட்டில் நீர் வற்றிக் கிடந்தது. பொன்னம்மா ஒரு புதிய குழையைத் தும்பிக்கையில் கட்டிவிட்டு, வேலிக்கு வெளியே நிலத்தில் அமர்ந்திருந்தார். சோறு கொண்டுபோகும் பெட்டி மடியில் இருந்தது.

அந்த நிலையில்தான் காலை ஒன்பது மணியளவில் ஜீப் வந்தது. சபை அதிகாரி வெள்ளைக் காற்சட்டை அணிந்த மெலிந்த மனிதர். கடுமையானவர் அல்லர், எழுதியிருக்கும் விதிக்கு அப்பால் பார்க்கப் பழகாதவர், அவ்வளவே. யானையின் முன்னே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"ஐசே, உதென்ன?"

"கண்டச் சாமான் ஐயா. ஆரும் களவெடுக்காமல் ஒண்டாப் பூட்டியிருக்கு" என்றார் மரியாம்பிள்ளை.

சரிபார்ப்பு தொடங்கியது. அதிகாரி பட்டியலை வாசிக்க, மரியாம்பிள்ளை தடியால் தொட்டுக் காட்டினார்.

"துருசுத் தண்டு நாலு."

"உந்தா கால் ஐயா."

"காலோ?"

"தண்டு ஐயா, தண்டு."

"முறிஞ்ச அலவாங்கு ஒண்டு."

"கொம்பு... அலவாங்கு உந்தா ஐயா."

ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"இவ்வளவு ஒழுங்கான கண்டத்தை நான் ஒரு இடத்திலயும் காணேல்லை. சரி, இனி உடையுங்கோ."

நான் சம்மட்டியை எடுத்தேன். பொன்னம்மா எழுந்து முள்ளுக்கம்பியை இரு கைகளாலும் பிடித்தார்.

"அண்ணை, அவர் இன்னும் வரேல்லை. அவருக்குக் கட்டின குழை அதிலதான் இருக்கு. அவர் வருமட்டும் விடுங்கோ அண்ணை. வந்தாப் பிறகு நானே வந்து உடைச்சுத் தாறன்."

அதிகாரிக்கு நடந்தவற்றை மரியாம்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அவர் பட்டியலை மடித்துக்கொண்டு வேலியருகே போனார்.

"அம்மா, எனக்கு விளங்குது. ஆனா நான் இண்டைக்குக் கையெழுத்து வைச்சிட்டுப் போகவேணும். நாளைக்கு வேறை இடம்." பின்னர் என் பக்கம் திரும்பினார். "ஐசே, நீர்தானே இதைச் செய்தனீர்? நீர் சொல்லும். இது சாமானோ, சாமியோ? சாமான் எண்டா உடையும். சாமி எண்டா நான் உடைக்கச் சொல்லேல்லை. ஆனா அரசாங்கச் சாமானில ஏன் சாமி செய்தனீங்கள் எண்டு நீங்கள் ரண்டு பேரும் பதில் எழுதவேணும்."

மரியாம்பிள்ளை என்னைப் பார்த்தார். அவருடைய வேலை என் நாவில் இருந்தது. வேலிக்கு அப்பாலிருந்து பொன்னம்மா பார்த்தார். அவருக்கு எஞ்சியிருந்த நம்பிக்கையும் என் நாவில் இருந்தது. சாமான் என்று சொன்னால் பொய். அந்தக் காதைத் திருப்பியது யார்? சாமி என்று சொன்னால் அதுவும் பொய்; எந்தச் சடங்கை எவர் செய்தார்? மனனம் செய்த பாட்டுகள் அத்தனையும் வாயருகே வந்து நின்றன. அவற்றுள் ஒன்றும் அக்கேள்விக்கு உதவவில்லை.

"தெரியாது ஐயா" என்றேன்.

"என்ன?"

"எனக்குத் தெரியாது ஐயா. ஆனா பூட்டோட அடிச்சாத் துண்டு பறக்கும். கழட்டித்தான் உடைக்கவேணும்."

இரண்டாவதாகச் சொன்னது தொழில் உண்மை. அதோடு, காலம் தாழ்த்தும் எண்ணமும் அதில் கலந்திருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிழலில் கதிரை போட்டு அமர்ந்தார்.

கழற்றுவதற்கு முன் குழைகளை என்ன செய்வது என்று தயங்கினேன். கோயிலில் திருப்பணி நடக்கும்போது மூர்த்தியை நீர்க்குடத்தில் எழுந்தருளச் செய்து வேறிடத்தில் வைப்பர். இங்கே குருக்களும் இல்லை, குடமும் இல்லை, எழுந்தருளியிருக்கிறாரா என்ற கேள்விக்கே விடையில்லை. வழி சொன்னவர் மரியாம்பிள்ளை.

"எங்கட கோயில்ல மாதான்ர சுருவம், சிலை, உடைஞ்சு போனா மரியாதையா மண்ணுக்குள்ள வைக்கிறது காணும். அதால மாதா இல்லாமல் போயிட்டா எண்டு ஆரும் சொல்லுறேல்லை. குழை ஆரின்ர? அவாவின்ர. அவாவே எடுத்து அந்த வீரை மரத்தில கட்டட்டும்."

பொன்னம்மா முதலில் மறுத்தார். பின்னர் எழுந்து வந்து, கணவருக்காகக் கட்டிய குழையை மட்டும் அவிழ்த்துப் பாதையோர வீரையில் கட்டினார். கட்டும்போது அவர் சொன்னதை நான் கேட்டேன். இங்கே எழுத மாட்டேன். மற்றக் குழைகளை நான் எடுத்து அம்மரத்தின் அடியில் வைத்தேன்.

அதன்பின் கழற்றத் தொடங்கினேன். எந்த இடத்தில் அது யானை ஆயிற்று என்று முன்பு எனக்குத் தெரியாமற் போனது. எந்த இடத்தில் யானை போயிற்று என்பதையாவது காணலாம் என்று எண்ணினேன். ஒரு காதைக் கழற்றினேன், யானை நின்றது. மற்றக் காதையும் கழற்றினேன், இன்னும் நின்றது. தும்பிக்கையைக் கழற்றினேன். கொம்பு ஒன்று இருக்கிறதே என்றது மனம். கொம்பை உருவியபோது பொன்னம்மா முகத்தை மூடிக்கொண்டார். நான்கு காலில் நின்ற பீப்பாவைப் பார்த்தேன். அப்போதும் அது யானையாகத்தான் நின்றது.

5. சம்மட்டி

சூரியன் மேற்கே சாய்ந்தபின் உடைக்கத் தொடங்கினேன். பற்சில்லுகள் இரண்டு மூன்று அடியில் பிளந்தன. தண்டுகளை வளைத்தேன். கடைசியாகப் பீப்பா. மனத்துக்குள் திருநாமத்தைச் சொல்லிச் சம்மட்டியை ஓங்கினேன்.

அது உடையவில்லை, ஒலித்தது. உள்ளே வெறுமையாக இருந்த கனத்த இரும்பு அது. அடித்த அடி காட்டில் போய் மோதித் திரும்பி வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி ஒலித்தது. அதிகாரி காதைப் பொத்தினார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது; ஆயினும் நிறுத்தப் பயமாக இருந்தது. ஏன் பயந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பீப்பா நசிந்ததேயொழியப் பிளக்கவில்லை.

பொழுது படும் வேளையில் பொன்னம்மா கூவினார். அது எதிரே வந்தவரை அழைத்த குரலா, அழுகைக் குரலா என்று முதலில் புரியவில்லை. காட்டுப் பாதையின் வளைவில் ஒரு மனிதர் மரத்துக்கு மரம் பிடித்தபடி வந்தார். உதடு வெடித்து, கால் கிழிந்து, சட்டை நாராகத் தொங்கியது. வந்தவர் சின்னத்தம்பி.

நீர் குடித்தபின்புதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"மூண்டு நாளாத் திசை தெரியேல்லை. இண்டைக்கு ஒரு பாலை மரத்துக்குக் கீழ படுத்திட்டன், இனி எழும்பிறேல்லை எண்டு. அப்ப மணிச் சத்தம் கேட்டுது. விடாமல் கேட்டுது. அதைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான்." சுற்றுமுற்றும் பார்த்தார். "இஞ்ச எங்க கோயில்?"

 என் கையில் சம்மட்டி இருந்தது.

"எருமை?" என்று அவரே கேட்டார்.

"அது முந்தநாளே தானா வந்து பட்டியில நிக்குது" என்றார் பொன்னம்மா; சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களே அண்ணை? தனக்கு அடிவாங்கியெல்லோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்."

"அவாவின்ர சொல்லைக் கேட்டு நீர் உடைக்காமல் விட்டிருந்தா மனுசன் அங்கயே முடிஞ்சிருப்பான் காணும்" என்று மரியாம்பிள்ளை என் காதருகே முணுமுணுத்தார்.

இருவர் சொன்னதும் பொருந்தியது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நான் சின்னத்தம்பியிடம் போய், "காலமை எந்தப் பக்கம் நிண்டனீங்கள்?" என்று கேட்டேன். காலையிலேயே அடித்திருந்தால் முன்னரே வந்திருப்பாரா, அல்லது ஒலி எட்டாத தொலைவில் இருந்தாரா என்று அறிய வேண்டியிருந்தது.

"தெரியாது அண்ணை" என்றார் அவர். "காலமை எங்க நிண்டனான் எண்டு எனக்கே தெரியாது."

அதிகாரி நசிந்த பீப்பாவை நெடுநேரம் பார்த்தார். "பிளக்கேல்லை... சரி. நசிஞ்சாப் போதும்" என்று எழுதினார். பின்னர் பட்டியலில் விரல் வைத்து நின்றார்.

"முறிஞ்ச அலவாங்கு எண்டு இருக்கு. ஏற்கெனவே முறிஞ்சதை என்னெண்டு உடைக்கிறது?"

"உடைக்கேலாது ஐயா" என்றார் மரியாம்பிள்ளை.

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. எல்லாத்தையும் குழியில போட்டு மூடி, குழி எங்க எண்டு தெரிய அதை மேல நட்டுவிடுங்கோ. அடுத்த முறை வாறவை மறுபடி கிண்டக் கூடாது."

மரியாம்பிள்ளை அதை நட்டார், சிவப்பு எழுத்து வெளியில் தெரியும்படியாகவே. சபை அதிகாரி தம் வாயால் சொல்லி, அவர் கண்முன்னே நடந்தது அது. மறுநாள் காலை உலை மூட்ட வந்தபோது அதில் மூன்று குழைகள் கட்டியிருந்தன.

6. பின்னர் கற்றவை

செய்தி எப்படியோ பரவியது. சில மாதங்களின்பின் எங்கள் இஞ்சினியர் தம் விடுதி முற்றத்துக்கு ஒரு மயில் செய்து தரும்படி கேட்டார். மயில் செய்ய வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு குவியலுக்குப் போனேன். வெட்டினேன், வளைத்தேன், துளையிட்டேன். முடிந்ததும் மரியாம்பிள்ளையிடம் காட்டினேன்.

"கோழியோ?" என்று கேட்டேன், அவர் சொல்லுமுன் நானே சொல்லிவிடலாம் என்று.

"கோழியுமில்லை காணும். கோழிக்கூடு."

அதன்பின் வேறு வழியில் வேலை செய்யப் பழகினேன். உருவத்தை முதலில் எண்ணுவதில்லை. இந்தத் துண்டு எவ்வளவு பாரம் தாங்கும், இதில் துளை ஏற்கெனவே எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாயும் என்பவற்றை மட்டும் பார்ப்பேன். இருக்கும் துளையில் பொருந்துவதையே பூட்டுவேன், புதிதாக வெட்டுவதில்லை. அப்படிச் செய்தபோது தேய்ந்த மண்வெட்டியில் ஒரு கொக்கு வந்தது. ஓட்டை விழுந்த தாச்சிச் சட்டியில் ஓர் ஆமை வந்தது. பல நாள் ஒன்றும் வரவில்லை. வராத நாளில் கழற்றிக் குவியலில் போட்டுவிடுவேன். பிற்கால வாழ்வில் என் கையால் வந்த உருவங்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். எவையும் கழற்ற முடியாதபடி றிவிற் ஆணி அடித்தவை அல்ல. எல்லாம் போல்ற்றில் நிற்பவை.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு நான் சொல்லக் கூடியவை இரண்டு. பூட்டும்போது, கழற்ற வேண்டிய நாளையும் எண்ணிப் பூட்டுங்கள். உங்கள் கையால் ஆனதைப் பற்றி ஒருவர் கேட்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வேலை போனாலும் அப்படியே சொல்லுங்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன மறுமொழிகளுள் பிழையில்லாதது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உருவாகி நின்றபோது அவன் காத்தானா, உடைபட்டபோது காத்தானா, அல்லது சம்மட்டியும் வெறும் பீப்பாவும் காடும் சேர்ந்து ஒலித்ததுதானா? இத்தனை ஆண்டுகளாகப் பாடியும் இந்தக் குழப்பம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் முதல் நாள் நான் பிழையாகப் புரிந்துகொண்ட சொல்லை இப்போது வேறுவிதமாகக் கேட்கிறேன். எல்லாரும் தள்ளிய நஞ்சை ஏந்தியவன் அதை விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை. கண்டத்தில் வைத்தான். என் குழப்பத்தையும் நான் அவ்விடத்திலேயே வைத்திருக்கிறேன். அது இறங்கவில்லை, வெளியே வரவும் இல்லை. அதோடுதான் இன்று காலையும் பாடினேன். குரல் சற்றே அடைத்தது, பாட்டு நிற்கவில்லை.

இதைப் படித்த யாவரும் நலமுறுக. காட்டுவழி போகிறவர்களுக்குத் திசை தெரிக. திசை தப்பியவர்களின் காதில் ஏதேனும் ஓர் ஒலி விழுக. நீங்கள் கட்டிய குழை வாடுமுன், நீங்கள் எவருக்காகக் கட்டினீர்களோ அவர் உங்கள் வாசலுக்கு வந்து சேர்க.